குழியில என்சைம், தலையில மிளகாய்

டிஸ்கி: இது முழுக்க முழுக்க புல்லு, மாடு, சாணி பற்றின பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிக்க.

"ஐடியை உதறிட்டு பத்து மாடு வாங்கினேன்" ரகப் பதிவுகள் நம்ம வட்டாரத்துல நிறைய வருது. நல்ல விஷயம். பகல் பூரா ஆணி பிடுங்கிட்டு ராத்திரி அதைப் படிச்சுப் பெருமூச்சு விடுற கோஷ்டியில நானும் ஒருத்தன். ஆனா அதுல தவறாம ஒரு பத்தி வருது பாருங்க, அதுதான் கடுப்பு. "சைலேஜ் போடும்போது என்சைம் பொடி கலந்துடுங்க, நார் உடைஞ்சு செரிமானம் கூடும், பால் கூடும்." எந்தப் புல்லுக்கு? டன்னுக்கு எவ்வளவு? பொடி போடாத குழியோட ஒப்பிட்டீங்களா? மூச்!

சைலேஜ்ங்கறது மந்திரம் இல்லை சாமி. ஊறுகாய்ப்புல். காத்துப் புகாம புல்லை அமுக்கி மூடினா, அதுல இருக்கற சர்க்கரையைத் தின்னு பாக்டீரியா லாக்டிக் அமிலம் செய்யும். தயிரைப் புளிக்க வைக்கிறதோட பங்காளிதான். பிஎச் 4 பக்கம் இறங்கிட்டா மத்த கிருமிகள் அடங்கிடும், தீவனம் மாசக்கணக்கா கெடாது. ஈரம் ஜாஸ்தியா இருந்து அமிலம் சீக்கிரம் ஏறலைன்னா கிளாஸ்டிரிடியம்னு ஒரு கூட்டம் உள்ளே வந்து பியூட்ரிக் அமிலம் பண்ணும். குழியைத் திறந்தா வாந்தி வர்ற நாத்தம் அடிக்கும். மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும்.

இதுல என்சைமுக்கு என்ன வேலை? செல்லுலேஸ், சைலனேஸ் மாதிரி நொதிகள் புல்லோட செல் சுவரை வெட்டிச் சர்க்கரையா மாத்தும். அந்தச் சர்க்கரை பாக்டீரியாவுக்குச் சாப்பாடு, மிச்சம் நார் மாட்டுக்கு லேசா செரிக்கும். காகிதத்துல கதை கச்சிதம். டிரைக்கோடெர்மா, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சைகள்ல இருந்து எடுக்கற நிஜமான சரக்குதான், போலி அறிவியல் இல்லை. ஜப்பான்ல வெப்பமண்டலப் புல்லுக்கு அக்ரிமோனியம் செல்லுலேஸ் போட்டுப் பார்த்திருக்காங்க. சர்க்கரை கம்மியா இருக்கற புல்லுல புளிப்பு நல்லாவே ஏறிச்சு. சரி, ஒத்துக்கறேன்.

அதைக் காட்டி பால் கூடும்னு சொல்றீங்களே, அங்கதான் வர்றேன்.

விளம்பரத்துல "நார்ச்சத்து குறைஞ்சது"ன்னு ஒரு லேப் ரிப்போர்ட் படம் இருக்கும். பொய் இல்லை. ஆனா நொதி எந்த நாரைக் கரைக்கும்? சுலபமா கரையறதை. அதை மாட்டோட அசையூன் வயிறே செரிச்சிருக்கும். அங்க இருக்கற நுண்ணுயிர்களுக்குச் செல்லுலேஸ் பண்றதுதான் முழுநேர உத்தியோகம். மாடு திணர்றது லிக்னின் சுத்தின முத்தல் தண்டுல. லிக்னினை செல்லுலேஸால தொடக்கூட முடியாது. ஆக, மாடு எப்படியும் செரிக்கப்போறதை முன்கூட்டியே குழியில கரைச்சு, மிஞ்சற நாரோட தரத்தைக் குறைச்சிட்டு, "நார் குறைஞ்சிடுச்சு"ன்னு கைதட்டறோம். நம்ம ஆபீஸ்ல பக் கவுண்ட் குறையணும்னு சின்ன பக்கை எல்லாம் மூடிக் கணக்கு காட்டுவாங்களே, அதே டெக்னிக். இத்தனை வருஷ ஆராய்ச்சியில புளிப்பு மேம்பட்ட முடிவுகள் நிறைய இருக்கு, ஆனா பால் கூடற விஷயத்துல பலன் சீரா இல்லை. ஒரு சோதனையில கூடுது, அடுத்ததுல ஒண்ணுமே காணோம்.

இப்ப நம்ம ஊர்க் கணக்குக்கு வாங்க. கோ-4, கோ-5 கம்பு நேப்பியர்தான் கொங்குப் பக்கம் கட்டுத்தரைக்குக் கட்டுத்தரை. வெட்டின அன்னிக்கு அதுல உலர்பொருள் சுமார் 20 சதவீதம்தான். அதாவது 1 டன் புல்லுல 800 கிலோ தண்ணி. சைலேஜுக்கு 30 சதவீதமாவது வேணும். 200 கிலோ உலர்பொருள் மொத்தத்துல 30 சதவீதம் ஆகணும்னா மொத்த எடை 667 கிலோவுக்கு இறங்கணும். டன்னுக்கு 333 கிலோ தண்ணி வெளியே போகணும் மக்கா! எந்தப் பொடி அதைக் குடிக்கும்? அரை நாள், ஒரு நாள் வெயில்ல வாடப் போட்டா போகும். நம்மகிட்ட இலவசமா கொட்டிக் கிடக்கறது அது ஒண்ணுதான். வாட்டாம ஈரப்புல்லுல நொதி போட்டா செல் சுவர் உடைஞ்சு சாறு இன்னும் ஒழுகும். சாறோட சத்தும் போகும்.

மக்காச்சோளம் பண்றவங்களுக்கு இதுவும் வேண்டாம். மணி பால் பிடிச்சு மாவாகற பருவத்துல வெட்டினா ஈரமும் சரியா இருக்கும், சர்க்கரையும் போதும். அதுக்கும் போய் செல்லுலேஸ் விக்கிறான்னா அவனை என்ன சொல்ல.

என் சித்தப்பா கதையை ரெண்டு வரியில சொல்லிடறேன், இல்லைன்னா ஆத்திரம் அடங்காது. ஏழு மாடு வச்சிருக்கார். மழை ஈரத்தோட வெட்டின நேப்பியரை, ஒருத்தர் வித்த பொடியை நம்பி அப்படியே குழியில போட்டு மூடினார். திறந்தப்ப பாதிக் குழி கருப்பு, ஓரமெல்லாம் பூசணம். வித்தவர்கிட்ட கேட்டா, "டோஸ் பத்தலைங்க, அடுத்த தடவை ரெண்டு பாக்கெட் போடுங்க"ங்கறார். அந்த மாசம் முழுக்க சித்தப்பா வைக்கோல் விலைக்கு வாங்கினார். பால் சொசைட்டியில டிகிரி குறையுதுன்னு பேச்சு வேற. வித்தவருக்கு என்ன நஷ்டம்? ஒரு டீ.

பூசணத்தைச் சிரிச்சுட்டு விடவும் முடியாது. 2018ல நாடு முழுக்க எடுத்த 6,432 பால் மாதிரிகள்ல 5.7 சதவீதத்துல அஃப்ளாடாக்சின் எம்1 அளவு மீறி இருந்ததா உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019ல அறிவிச்சுது. அதிகம் இருந்த மாநிலங்கள்ல தமிழ்நாடும் உண்டு. அது தீவனம் வழியாதான் பாலுக்கு வருது. எல்லாப் பழியும் சைலேஜ் மேல இல்லை, பிண்ணாக்கு, தவிடு எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா பூசணம் பிடிச்ச ஓரத்தை வெட்டி எறியச் சொல்லாம பொடி விக்கிறவன் பேச்சை நீங்களும் பதிவுல ஏத்தினா, அந்தப் பாலைக் குடிக்கிற குழந்தைக்கு யார் பதில் சொல்றது?

நான் சேர்மானத்துக்கே எதிரி இல்லை. பின்லாந்துக்காரர் விர்ட்டானென் புல்லுல அமிலம் தெளிச்சுக் காக்கிற முறையைக் கண்டுபிடிச்சார். 1945ல அவருக்கு வேதியியல் நோபல் கொடுத்தப்ப இந்த வேலையைக் குறிப்பிட்டே கொடுத்தாங்க. அவருக்கு ஒரு இலக்கு இருந்துது, பிஎச் 4க்குக் கீழே. எவனும் அளந்து பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துல 2003 சட்டப்படி சைலேஜ் சேர்மானமும் தீவனச் சேர்மானம்தான். பலன் இருக்குன்னு ஆதாரம் கொடுத்து அனுமதி வாங்கினாத்தான் விக்கலாம். சித்தப்பா வீட்டு பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழகா ஒரு மாடு சிரிக்குது. நொதி எத்தனை யூனிட்? இல்லை. கிராமுக்கு எத்தனை பாக்டீரியா? இல்லை. எந்த வெப்பத்துல வைக்கணும்? அதுவும் இல்லை. நொதி ஒரு புரதமய்யா. தகரக் கூரைக் கடையில சித்திரை மாசம் பூரா வெந்த பொடியில என்ன உயிர் மிச்சம் இருக்கும்? இதுல பாக்டீரியா கலந்த பொடியை குளோரின் தண்ணியில வேற கரைக்கச் சொல்றாங்க.

காசு செலவழிச்சே ஆகணும்னா சாஃப் கட்டர் பிளேடைச் சாணை பிடிங்க. புல்லு ரெண்டு மூணு சென்டிமீட்டருக்கு விழணும். கையில இறுக்கிப் பிடிச்சுப் பாருங்க, தண்ணி சொட்டினா இன்னும் வாடணும். நேப்பியருக்கு 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லம் கரைச்சுத் தெளிங்க. நொதி கஷ்டப்பட்டு வெட்டித் தரப்போற சர்க்கரையை நேரா கொடுத்தாச்சு. அடுக்கடுக்கா மிதிச்சு, நல்ல ஷீட்டா மூடி, மேல மண்ணு போடுங்க. திறந்த பிறகு தினம் ஒரு ஜாணாவது முகம் முழுக்க வெட்டி எடுங்க.

"நான் போட்டேன், எனக்கு வேலை செஞ்சுது"ன்னு பின்னூட்டம் வரும், தெரியும். வாங்க. ஆனா ஒரே நாள் வெட்டின ஒரே புல்லை ரெண்டு டிரம்ல அமுக்கி, ஒண்ணுல பொடி, ஒண்ணுல வெறும் வெல்லம்னு 45 நாள் வச்சுத் திறந்துட்டு வாங்க. எந்த டிரம்ல எதுன்னு தெரியாத ஆளை விட்டு மோந்து பார்க்கச் சொல்லுங்க, மாட்டுக்கும் ரெண்டையும் வச்சுப் பாருங்க. சித்தப்பா இந்த வாரம் ரெண்டு டிரம் மூடறார். திறந்ததும் படத்தோட போடறேன், பொடி ஜெயிச்சாலும் சரி.