மருத்துவமனைக்கு முன்னே வரும் கரம்



மும்பையிலும் புனேயிலும் வாழும் நமக்குக் காய்ச்சல் என்றால் தெருமுனையிலேயே ஒரு மருத்துவர் இருக்கிறார். நாம் பிழைக்க வந்த இதே மகாராஷ்டிராவில், இன்று அகில்யாநகர் எனப்படும் அகமதுநகர் மாவட்டத்தில், ஜாம்கேட் என்னும் வறண்ட வட்டம் உண்டு. 1970ஆம் ஆண்டளவில் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 176 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன்னே மரித்தன.

அந்த 1970இல் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோலேயும் அவர் துணைவியார் டாக்டர் மேபெல் ஆரோலேயும் அங்கே பணியைத் தொடங்கினார்கள். இருவரும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர்கள். முன்பு மிஷன் மருத்துவமனையில் உழைத்த காலத்திலேயே ஓர் உண்மை அவர்களுக்கு விளங்கியிருந்தது. குணமாகி வீடு சென்றவர்கள் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். அசுத்தத் தண்ணீரும் பசியும் அறியாமையும் வீட்டிலேயே இருக்கும்போது மருந்துச்சீட்டு மட்டும் என்ன செய்யும்?

ஆகவே அவர்கள் ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் ஒரு பெண்ணைத் தெரிந்துகொண்டு பயிற்றுவித்தார்கள். பலர் எழுத்தறியாதவர்கள், சிலர் ஊராரால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். குழந்தையை எடை பார்ப்பது, கர்ப்பிணியைக் கவனிப்பது, சுத்தமாகப் பிரசவம் பார்ப்பது, பேதி கண்ட பிள்ளைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது ஆகியவற்றை அவர்கள் கற்றார்கள். தொடக்கத்தில் அவர்களைத் தங்கள் வாசற்படி ஏறவிடாதவர்களும், நாளடைவில் தங்கள் மருமகளின் பிரசவத்திற்கு அவர்களையே அழைத்தார்கள். 1990களில் அக்கிராமங்களின் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு முப்பதுக்கும் கீழே இறங்கிற்று. ஆரோலே தம்பதியர் 1979இல் மகசேசே விருது பெற்றனர். மேபெல் அம்மையார் 1999இலும் ரஜனிகாந்த் ஐயா 2011இலும் மறைந்தபின்னும் அப்பணி நடந்துவருகிறது.

2005இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் நாடெங்கும் நியமித்த 'ஆஷா' பணியாளரும் இத்தகைய ஊர்ப் பெண்களே. நிலையான அரசுச் சம்பளமின்றி, ஊக்கத்தொகைக்காக வெயிலில் நடக்கிறார்கள். நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் அவர்கள் வருகிறார்கள். அவர் கதவைத் தட்டும்போது, "எங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று திருப்பி அனுப்பாதிருங்கள். உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவர் கேட்பவற்றிற்கு உண்மையான பதில் கூறுங்கள்.

தலைப்பிரசவத்திற்கு மகளைச் சொந்த ஊருக்கு அனுப்புகிறவர்கள் தாய் சேய் நல அட்டையையும் பரிசோதனைச் சீட்டுகளையும் உடன் அனுப்பவேண்டும். ஊர் போய்ச் சேர்ந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யட்டும். இரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு கண் மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

பேதி கண்ட பிள்ளைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிடில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தட்டையான தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதிருங்கள். பிள்ளை சோர்ந்து கண் குழிந்தாலும், குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதமின்றி மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

நோயுற்றவருக்காக முழங்காற்படியிடுவது நம் வீடுகளின் வழக்கம். அவ்வாறு ஜெபிக்கிற வீட்டின் அலமாரியில் இரண்டு ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் இருக்கட்டும்.