வரப்பை மொட்டையடிச்சா குளவிக்குச் சோறு ஏது?

தோழர்களே, பூச்சிமருந்துக்கு எதிரா போஸ்ட் போடுறது ஈஸி. "மருந்து அடிக்காம பயிரை எப்படிக் காப்பாத்துறது?"ன்னு விவசாயி கேட்டா நம்மகிட்ட பதில் இருக்கணும். ஒரு பதில் வரப்புலயே இருக்கு.

நெல்லுக்குத் தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு, புகையான் எல்லாமே எதிரி. இந்த எதிரிகளுக்கும் ஒரு எதிரி உண்டு: ஒட்டுண்ணிக் குளவி. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னது, நம்மைக் கொட்டாது. பூச்சி இட்ட முட்டையைத் தேடிப்போய் அதற்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே பொரிக்கும் குளவிப்புழு அதையே தின்று வளரும். பூச்சி வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வெளியே வரும். பயிரில் வாய் வைக்கும் முன்பே பூச்சியின் கதை முடிந்தது!

ஆனா வளர்ந்த குளவிக்குச் சாப்பாடு தேன். நெல் பூவில் தேன் கிடையாது. களைக்கொல்லி அடித்து வரப்பையும் காலி செய்துவிட்டால், ஒன்றிரண்டு நாளில் குளவி பட்டினியில் சாகும். தேன் கிடைத்தால் பல நாள் வாழும், அதிக முட்டைகளை அழிக்கும்.

இது வெறும் பேச்சு இல்ல. தாய்லாந்து, சீனா, வியட்நாம் வயல்களில் எள் போன்ற பூச்செடிகளை வரப்பில் வளர்த்துச் செய்த ஆய்வு, 2016-இல் 'நேச்சர் பிளான்ட்ஸ்' இதழில் வந்தது. முடிவு என்ன?

✅ மருந்து தெளிப்பு 70% குறைந்தது
✅ மகசூல் 5% கூடியது
✅ பொருளாதார ஆதாயம் 7.5%

ஒரு எச்சரிக்கை: எந்தப் பூவும் சரின்னு நட்டுட முடியாது. சில பூக்கள் தீமை செய்யும் அந்துப்பூச்சிக்கும் விருந்து வைக்கும். அதனாலதான் எள்ளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பூ வைத்துவிட்டு, நட்ட சில வாரத்திலேயே மருந்தும் அடித்தால் முதலில் சாவது குளவிதான்.

எள், தட்டைப்பயறு, உளுந்து எல்லாம் நம்ம மண்ணுக்குப் புதுசா? வரப்புல பயறு போட்ட தலைமுறை இன்னும் ஊர்ல இருக்கு.

நம் கோரிக்கை சிம்பிள். வேளாண் விரிவாக்க மையத்தில் நெல் விதை தரும்போதே வரப்புக்கு எள், பயறு விதையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பூ எந்தப் பூச்சிக்கு என்று வயலிலேயே வந்து சொல்லிக்கொடுங்கள். மருந்துக் கடைக்காரர் மட்டுமே விவசாயிக்கு ஆலோசகராக இருக்கும் நிலை மாறட்டும்.

ஊர்ல அப்பா, சித்தப்பா, மாமா விவசாயம் பார்க்கிறாங்களா? இந்த சம்பா பட்டத்துக்கு முன்னாடியே அவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.

#வரப்பில்_பூ #விவசாயி_பக்கம்_நிற்போம்