ஊக்க மருந்தை அனுமதிக்கலாமா?

விளையாட்டுப் போட்டிகளில் ஊக்க மருந்தைத் தடுப்பதற்கு உலக நாடுகள் பெரும் பொருளும் உழைப்பும் செலவிட்டு வருகின்றன. நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் 2023ஆம் ஆண்டில் இங்குச் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் ஏறக்குறைய 3.8 சதவிகிதத்தில் தடை செய்யப்பட்ட பொருள்கள் காணப்பட்டன. இந்நிலை கண்ட சிலர், தடுக்க இயலாத ஒன்றை மருத்துவர் மேற்பார்வையில் ஓர் அளவுக்குட்பட்டு அனுமதித்துவிட்டால் தீங்கும் குறையும், பொய்யும் ஒழியும் என்று வாதிடுகின்றனர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று, ஆராயத்தக்கது.

மருத்துவர் மேற்பார்வை என்னும் ஏற்பாட்டை உலகம் முன்னரே கண்டுள்ளது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் 1974ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே இதனை இரகசியத் திட்டமாக நடத்திற்று. விஞ்ஞானிகள் மருந்தை ஆராய்ந்தனர். மருத்துவர்கள் அளவைக் குறித்தனர். ஆண்மை ஹார்மோனை ஒத்த நீலநிற மாத்திரைகள், வைட்டமின் என்று கூறிச் சிறுமியர்க்கும் கொடுக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிருக்கான 13 நீச்சற் போட்டிகளில் 11இல் அந்நாட்டவரே தங்கம் வென்றனர். அதற்குக் கொடுத்த விலை பின்னரே வெளிப்பட்டது. குரல் மாறியவரும், கல்லீரல் பழுதுற்றவரும் பலர். 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம், அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்தவரையும் மருத்துவர் ஒருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் அருகிலேயே இருந்தனர்; ஆயினும் அவர்களைப் பணியில் அமர்த்தியோர் வேண்டியது பதக்கம்.

அளவை வரையறுத்தால் போதாதா எனலாம். சைக்கிள் பந்தயத்தின் அனுபவம் இதற்கு விடை தருகிறது. சிறுநீரகத்தில் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோன், எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. செயற்கையாக ஆக்கப்பெற்ற இதன் வடிவம், சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சோகையைப் போக்க வந்த அரிய மருந்து. பந்தய வீரர்களோ உடலுக்குக் கூடுதல் பிராணவாயு கிட்டும் பொருட்டு இதனை ஊசி வழி ஏற்றிக்கொண்டனர். இரத்தம் மிகத் தடித்துக் குழாய்களில் உறையுமாயின் உயிருக்கே அபாயம். இம்மருந்தைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லாமையால், வீரர்களின் இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவிகிதத்தை மீறலாகாது என்று சர்வதேசச் சைக்கிள் சங்கம் 1997இல் விதித்தது. அதன் பின் நிகழ்ந்தது யாது? இயல்பில் குறைந்த பங்குடையவரும் மருந்தினால் 50ஐ எட்ட முயன்றனர். எல்லையாக வைத்தது இலக்காகிவிட்டது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். போட்டியில் ஒருவர்க்குத் தரும் அனுமதி, அவருடன் ஓடும் மற்றவர்க்குக் கட்டாயமாகும். மருந்தை விரும்பாதவன் தோற்க வேண்டும், அல்லது விலக வேண்டும். தேசியக் குழுவில் இடம்பெறுவோர் பள்ளி மைதானங்களிலிருந்தே செல்கின்றனர் ஆதலின், இக்கட்டாயம் விரைவில் பதினைந்து வயதுச் சிறுவனையும் வந்தடையும். வளரும் எலும்பின் முனைகள் இத்தகைய ஹார்மோன்களால் காலத்திற்கு முன்பே மூடிக்கொள்ளக் கூடும். பின்னர் உயரம் வளராது.

தடையினால் நிரபராதிகளும் சில வேளை துன்புறுகின்றனர் என்பது மெய்யே. ஆயின் நோயுற்ற வீரர் சிகிச்சைக்கென முன்கூட்டியே விலக்குக் கோர விதியில் இடமுண்டு. குறையுள்ள இடத்தில் விதியைத் திருத்தலாம். அதற்காக வாயிலையே திறந்துவிடுதல் முறையாகாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விழைகிறேன். இப்பொருள்களுக்கு ‘ஊக்க மருந்து’ என்னும் பெயர் நிலைத்துவிட்டது. திருக்குறளில் ஊக்கமுடைமை என ஓர் அதிகாரமே உண்டு. அங்குக் கூறப்படுவது உள்ளத்தின் உறுதி. மாத்திரையில் கிட்டுவது அதுவன்று. மாணாக்கர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதாதிருக்க வேண்டும்.

உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் தடைப் பட்டியலைப் பள்ளிகளில் வைத்தல் நலம். தன் உடலில் காணப்படும் பொருளுக்கு விளையாடுபவனே பொறுப்பாளி என்பதையும் மாணாக்கர்க்கு உணர்த்த வேண்டும். பெயரறியாத பொடியையோ ஊசியையோ ஒரு மாணவன் பயன்படுத்தக் கண்டால், அது யாது, யார் தந்தது என்று வினவுதல் ஆசிரியர், களப்பணியாளர் ஆகியோரின் கடமை. சோதனைச்சாலை அம்மாணவனைக் கண்டறிவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே, அவனைக் காக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டுகிறது.