ஒங்சான் தெருவும் எங்கள் ஒழுங்கையும்

கொரிய நாடகம் பார்க்கிற பிள்ளை படிக்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் ரூபவாஹினியில் ‘சுஜாத தியணி’ போன காலத்தில் உம்மம்மா தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டுமே தொலைக்காட்சியை விட்டு எழும்பினாராம். அதுவும் கொரிய நாடகம்தான். அந்தத் துணிவில் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்தது ‘வென் த கமெலியா புளூம்ஸ்’. 2019இல் தென்கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்தது. காதலும் சிரிப்புமாகப் போகும் கதைக்குள்ளே ஒரு தொடர் கொலைகாரன் இருக்கிறான். ஒங்சான் என்ற கற்பனை ஊரில், கணவன் இல்லாத தொங்பேக் தன் மகனை வைத்துக்கொண்டு ஒரு கடை நடத்துகிறாள். குடிவகையும் விற்கும் கடை. பெற்றோர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அந்தத் தெருவில் நண்டுக்கடை நடத்தும் பெண்களும் முகம் சுளிக்கிறார்கள். அவளைப் பற்றிப் பேசாத பேச்சில்லை.

யொங்சிக் என்ற பொலிஸ்காரன் அவளை விரும்புகிறான். அவள் வேண்டாம் என்கிறாள், அவன் மறுபடியும் வருகிறான். இசை துள்ளுகிறது, நாங்கள் சிரிக்கிறோம். கொலைகாரனும் அவளைக் கவனிக்கிறான். அப்போது இசை மாறுகிறது, நாங்கள் பயப்படுகிறோம். யொங்சிக் நல்லவன் என்பது நமக்குத் தெரியும். அவளுக்கு முதல் நாளே எப்படித் தெரியும்? அவளுக்குத்தான் பின்னணி இசை கேட்காதே. இந்த நாடகத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான்.

கடந்த வருடம் டியூஷன் முடிந்து டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையால் பாமன்கடைக்கு நடந்து வரும்போது, ஒரு மோட்டார் சைக்கிள் என் பின்னால் மெதுவாக வந்தது. மூன்று சனிக்கிழமை அப்படியே வந்தது. “உனக்கும் ஒரு ஹீரோ” என்று தோழிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான்காம் வாரம் அவன் எங்கள் ஒழுங்கை முனையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அன்றிரவு பொருளியல் புத்தகத்தில் ஒரு பக்கமும் திருப்பவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வகுப்பு நின்றுவிடும். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் நடந்தது. இப்போது அவள் என் குறிப்புகளை வாங்கிப் பிரதி எடுத்துப் படிக்கிறாள். அவளைத் தொடர்ந்தவனுடைய ஓட்டம் நிற்கவில்லை. பெற்றோரே, பிள்ளைகள் ஒளிப்பது காதலை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்பவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று 1995இல் திருத்திய எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு சொல்கிறது. கொரியாவில் பின்தொடர்வதற்கென்றே தனிச் சட்டம் 2021 ஒக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதாவது இந்த நாடகம் முடிந்து ஏறக்குறைய இரண்டு வருடத்துக்குப் பிறகு. ஆனால் வீட்டிலேயே சொல்லப் பயப்படுகிற பிள்ளை பொலிஸுக்கு எங்கே போவது?

நாடகத்தில் நான் இரண்டு தரம் பார்த்த பகுதி வேறு. கொலைகாரன் தொங்பேக்கை நெருங்குகிறான் என்று தெரிந்ததும், வாய்க்கு வந்தபடி பேசிய அதே நண்டுக்கடைப் பெண்கள் அவளுக்குத் தெரியாமலே காவலுக்கு இறங்குகிறார்கள். அவள் தனியாக இருக்காதபடி பார்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் அவன் யார் என்று சொல்லமாட்டேன், பார்க்காதவர்கள் கோபிப்பார்கள். தெருவுக்கே பழக்கமானவன் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பகுதியைப் பார்த்த பிறகுதான் உம்மாவிடம் சொன்னேன். “நீ திரும்பிப் பார்த்தாயா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. அழுகை வந்துவிட்டது. வாப்பாவிடம் சொல்லவா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தார். சனிக்கிழமை நான் வகுப்பு முடிந்து வந்தால், பாலத்தடியில் உம்மாவும் பக்கத்து வீட்டுச் சாச்சியும் மரக்கறிப் பையோடு நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிளும் வந்தது. “மகன், யாரைத் தேடுறீங்க?” என்று சாச்சி தெருவே கேட்கிற மாதிரிக் கேட்டார். அவன் பதில் சொல்லாமல் திருப்பிக்கொண்டு போனான்.

வேறு ஒழுங்கைக்குப் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். உம்மா இன்னும் சனிக்கிழமைகளில் பாலத்தடிக்கு வருகிறார். என் தோழியையும் தங்களோடு அழைத்துவர அவளுடைய உம்மாவிடம் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.