வெட்டுவதற்கு முன் படத்தைப் பார்

போன மாதம் என் தங்கையின் பேரன் குன்றாண்டார்கோவிலுக்கு வந்திருந்தான். புரதப் படிகவியலில் ஆராய்ச்சி மாணவன். நானும் ஓய்வு பெறும்வரை அதே துறை என்பதால், மடிக்கணினியோடு திண்ணைக்கு வந்துவிட்டான்.

"தாத்தா, டேட்டா ப்ராசஸ் ஆகவே மாட்டேங்குது. ஆர்-மெர்ஜ் 48 சதவீதம் நிக்குது."

"என்ன செஞ்சே?"

"கடைசி 600 படத்தை வெட்டினேன். ரெசல்யூஷனையும் குறைச்சேன். 45-க்கு வந்துச்சு. இன்னும் வெட்டச் சொல்றாங்க."

"படத்தைத் திறந்து பார்த்தியா?"

விழித்தான். 3,600 படங்களில் ஒன்றைக்கூட அவன் பார்க்கவில்லை!

முதல் படத்தைத் திறந்தோம். புள்ளிகள் அழகாக இருந்தன. நடுவே ஒரு கறுப்பு வளையம். "சே, ஐஸ்" என்றான். எனக்கோ சந்தோஷம். பனிக்கட்டி வளையம் தொல்லைதான். ஆனால் அதன் மையம்தான் எக்ஸ்ரே கதிர் நேராக விழும் இடம். நிரல் வைத்திருந்த மையத்திலிருந்து 3.67 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு வட்டம் போடச் சொன்னேன். வட்டம் ஒரு பக்கம், வளையம் ஒரு பக்கம்.

கோளாறு அதுதான். மையம் தவறினால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளியின் எண் போய்விடும். பிறகு நிரல் சம்பந்தமே இல்லாத புள்ளிகளைச் சமச்சீர் இணைகள் என்று நம்பி ஒப்பிடும். எத்தனை படத்தை வெட்டினாலும் அது சரியாகாது. மையத்தைத் திருத்தி மறுபடி ஓட்டினோம். 48 என்பது 9 ஆனது. வெட்டிய 600 படமும் திரும்ப உள்ளே வந்தன.

பையனை நான் குறை சொல்லவில்லை. எண் குறைந்தால் தரவு நல்லது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களைத்தான் சொல்கிறேன். கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, அறையைப் பூட்டுவோமா? ஒரே புள்ளியை அதிக முறை அளந்தால் சராசரி துல்லியமாகும், ஆர்-மெர்ஜோ ஏறும். டீடெரிக்ஸும் கார்ப்ளஸும் இதை 1997-லேயே எழுதிவிட்டார்கள். பலவீனமென்று எறியும் தரவும் மாதிரியை மேம்படுத்தும் என்று 2012-ல் காட்டினார்கள். இன்னும் வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

நிரலைக் கண்ணை மூடி நம்பினால் என்ன ஆகும்? அப்போது அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜெஃப்ரி சாங்கைக் கேளுங்கள். அவர் பயன்படுத்திய ஒரு சிறு நிரல் இரண்டு பத்தித் தரவை இடம் மாற்றிவிட்டது. புரதத்தின் இடம் வலமாகிவிட்டது. 2006-ல் சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று அதே குடும்பத்துப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்ட பிறகுதான் பிழை தெரிந்தது. ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்.

நான் படித்த காலத்தில் ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்து, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் கண்ணால் மதிப்பிடுவோம். 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் மூவிழை வடிவத்தைச் சொன்னது அந்த ஃபிலிம் காலத்தில்தான். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கண் வலிதான் மிச்சம்.

"ஆயிரக்கணக்குல படம் வருது, யார் தாத்தா பார்க்கிறது?" என்றான். எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமப்பா. முதல் படம், நடுப் படம், கடைசிப் படம். மூன்று போதும். கதிர் மையம் சரியா, பனி வளையம் உண்டா, புள்ளி இரட்டையாகத் தெரிகிறதா, கடைசியில் படிகம் கருகிவிட்டதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகும் வெட்ட வேண்டுமென்றால், காரணத்தை நோட்டில் எழுதிவிட்டு வெட்டுங்கள். மூலப் படங்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

எங்கள் ஊர்க் குடைவரைக் கோயிலைக் குடைந்த சிற்பிக்கு, தவறாக வெட்டிய கல்லை ஒட்டவைக்க வழியில்லை. நமக்கு அந்த வழி இருக்கிறது, மூலப் படம் இருக்கும் வரை.