பத்தே நிமிடத்தில் அணைந்த தீ!

அது 2000-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. வெள்ளிக்கிழமை இரவு.

அமெரிக்காவில் அல்புகர்க்கி என்ற ஊர். அங்கே பிலிப்ஸ் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை. செல்போனுக்கு உயிரான "சிப்" அங்கேதான் அப்போது தயாரானது.

மின்சாரக் கம்பியில் மின்னல் தாக்கியது. மின்சாரம் தடுமாறியது. தொழிற்சாலைக்குள் தீப்பிடித்தது!

பத்தே நிமிடத்தில் தீயை அணைத்துவிட்டார்கள். "அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார்கள்.

ஆனால் தொல்லை அதற்குப் பிறகுதான் வந்தது. சிப் செய்யும் அறையில் தூசி துரும்பு இருக்கக் கூடாது. புகையும் தண்ணீரும் புகுந்து அறை பாழாகிவிட்டது.

இரண்டு கம்பெனிகள்

அந்தச் சிப்பை நம்பி இரண்டு பெரிய கம்பெனிகள் இருந்தன. ஒன்று பின்லாந்து நாட்டு நோக்கியா. மற்றொன்று சுவீடன் நாட்டு எரிக்சன்.

"ஒரு வாரம் தாமதம் ஆகும்" என்று இருவருக்கும் சொன்னார்கள்.

எரிக்சன்காரர்கள் நம்பினார்கள். ஒரு வாரம்தானே! மேலதிகாரிகளின் காதுக்குச் செய்தி போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆயிற்று.

நோக்கியா நம்பவில்லை. தினமும் விசாரித்தது. பல வாரங்கள் ஆகும் என்று தெரிந்ததும் ஓடியது. பிலிப்சின் வேறு தொழிற்சாலைகளில் சிப் கேட்டது. வேறு கம்பெனிகளிடமும் கேட்டது. வாங்கியும் விட்டது!

எரிக்சன் விழித்துக்கொண்டபோது வாங்குவதற்கு ஆள் இல்லை. செலவைக் குறைக்க, மாற்று வியாபாரிகளை முன்பே கழற்றிவிட்டிருந்தது. நஷ்டம் சுமார் 40 கோடி டாலர்! 2001-ல் அது செல்போன் தொழிலை ஜப்பானின் சோனியோடு சேர்ந்து நடத்த வேண்டியதாயிற்று.

கடைப் பையன் ஏன் சொல்லவில்லை?

"இரண்டு இடத்தில் சரக்கு வாங்கினால் விலை கூடுமே?" என்று மளிகைக் கடைக்காரர் கேட்கலாம். கூடும்தான். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுகிறோமே, அது மட்டும் சும்மாவா வருகிறது?

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எரிக்சனில் கெட்ட செய்தி மேலே போகவில்லை. அதுதான் பெரிய கோளாறு.

நம் கடைகளில் என்ன நடக்கிறது? குடோனில் தண்ணீர் ஒழுகுவதைப் பையன் பார்க்கிறான். முதலாளியிடம் சொல்கிறான். "வேலை நேரத்தில் உன்னை யார் அங்கே போகச் சொன்னது?" என்று திட்டு விழுகிறது. அடுத்த மழைக்கு அவன் வாயைத் திறப்பானா? சர்க்கரை மூட்டை கரைந்து ஓடிய பிறகு, "ஏண்டா சொல்லவில்லை?" என்று கத்தி என்ன பயன்?

கடன் நோட்டுக்கு ஒரு நகல் எடுத்து வீட்டில் வைக்கலாம். ஒரு மாதச் செலவுக்குப் பணத்தைத் தனியே ஒதுக்கலாம். இதெல்லாம் பலருக்குத் தெரிந்ததுதான். கெட்ட செய்தி கொண்டுவருகிறவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கும் முதலாளியைத்தான் காணோம்!

ஸ்ரீபெரும்புதூரில்...

நோக்கியா கதை அங்கே முடியவில்லை.

2006-ல் நம் ஸ்ரீபெரும்புதூரில் அது தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கில் இளம் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். பல வீடுகளில் முதல் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தது அப்போதுதான்.

2007-ல் ஐபோன் வந்தது. தீயை மோப்பம் பிடித்த நோக்கியா இதில் கோட்டை விட்டது. 2014-ல் செல்போன் தொழிலையே மைக்ரோசாப்டுக்கு விற்றது. வரித் தகராறால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை.

பல பேர் விருப்ப ஓய்வுப் பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது.

தீப்பிடித்தால் என்ன செய்வது என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. ஷிப்ட் பஸ் நாளை வராது என்றால் என்ன செய்வது என்று அந்தப் பெண்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லித் தரவில்லை.