வந்து வந்து போகும் வியாதி

வைத்தியர் வீட்டுப் படியை மிதித்ததும் நின்றுவிடுகிற தலைவலி ஒன்று உண்டு. வைத்தியர் நாடியைப் பார்ப்பார், "ஒன்றுமில்லையே!" என்பார். திரும்பித் தெருமுனைக்கு வருவதற்குள் அது மறுபடியும் மண்டையைப் பிளக்கும். பழைய மோட்டார் வண்டிகளைப் பிடிக்கும் மின்சார வியாதிகளிலும் இந்த ஜாதி உண்டு. அடியோடு கெட்டுப்போன சாமானைக் கண்டுபிடிப்பது எளிது. கெட்டும் கெடாமலும் இருப்பதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அதைப் பற்றி இவ்வாரம் எழுத நமக்கு ஒரு யோக்கியதை உண்டு: அவ்வியாதியை நம் வண்டிக்கு உண்டாக்கியவர் நாமே, பழியை மட்டும் பிறர் தலையில் போட்டோம்.

நம் தகப்பனார் விட்டுச்சென்ற வண்டி 1951-ஆம் வருஷத்து மாரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்னும் நிபுணர் வகுத்த இவ்வண்டி 1948-ல் லண்டன் மோட்டார் காட்சியில் அறிமுகமாயிற்று; 1971 வரை இங்கிலாந்தில் இதன் வம்சம் விருத்தியடைந்தது. நம் வீட்டு வண்டி எழுபது பிராயத்தைக் கடந்தும் சௌக்கியமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற மார்கழியில் ஒரு நாள் இரவு, தாயாரையும் மகளையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கினோம். ஒரு வளைவில் சக்கரம் சிறு பள்ளத்தில் விழுந்தது. அக்கணமே முன்விளக்குகள் இரண்டும் அணைந்தன. என்ஜின் நிற்கவில்லை, ஹாரனும் ஒலித்தது. எதிரே ஏறிவந்த லாரியின் வெளிச்சந்தான் பாதை எது, பாதாளம் எது என்று நமக்குக் காட்டிற்று. தாயார் "முருகா!" என்றார், நமக்கு அதுகூட வாயில் வரவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கதவைச் சாத்தினோம். சாத்திய அதிர்ச்சியில் விளக்குகள், ஒன்றுமே நடவாததுபோல் எரிந்தன.

மறுநாள் பட்டறைக்குப் போனோம். நம் வண்டியைப் பார்த்துவரும் இளைஞன் பதினைந்து நாட்களுக்கு முன்புதான் விளக்கு சுவிட்சை மாற்றியிருந்தான். "உன் வேலையின் லட்சணம் இது. நேற்று மூன்று உயிர் போயிருக்கும்" என்று நாலு பேர் எதிரில் கடிந்துகொண்டோம். அவன் பதில் பேசவில்லை. சுவிட்சை மறுபடியும் மாற்றினான். டிம்மர் சுவிட்சையும் மாற்றினான். பட்டறையில் விளக்குகள் பிரகாசமாக எரிந்தன. மூன்றாம் நாள் இரவு மறுபடியும் மங்கின.

அதன் பின்னரே, மாணாக்கர்களுக்கு நாள்தோறும் சொல்வதை நாமே செய்தோம். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, நடந்ததை வரிசையாக எழுதினோம். என்ஜின் ஓடிற்று, ஹாரன் ஒலித்தது. ஆகையால் பாட்டரியில் பழுதில்லை. இரண்டு பல்புகள் ஒரே கணத்தில் உயிர் விட்டுப் பிறகு ஒருங்கே உயிர்த்தெழுவதில்லை. ஆகையால் பழுது இரண்டுக்கும் பொதுவான ஓரிடத்தில் இருக்கிறது. மேல்வெளிச்சம், கீழ்வெளிச்சம் இரண்டுமே போயின. டிம்மருக்குப் பின் அவற்றிற்குத் தனித்தனிக் கம்பிகள். பொதுவான இடங்களில் சுவிட்சுகள் புதியவை. மிஞ்சியது, மின்சாரம் திரும்பி வரும் வழி.

இவ்வழியைப் பலர் நினைப்பதே இல்லை. மோட்டார் வண்டியில் பெரும்பாலும் போவதற்குத்தான் கம்பி. திரும்புவதற்கு வண்டியின் இரும்பு உடலே பாதை. இதையே 'எர்த்' என்கிறோம். விளக்கின் கறுப்புக் கம்பியை உடலில் ஒரு திருகினால் முடுக்கியிருப்பார்கள். அத்திருகின் அடியில் துருவோ களிம்போ பெயிண்டோ புகுந்தால் பாதை குறுகிவிடும்.

குறுகுவதனால் என்ன நஷ்டம் என்பதை 1827-ல் ஜெர்மானியர் ஓம் வெளியிட்ட விதியைக்கொண்டு கணக்கிடலாம். 36 வாட் விளக்குகள் இரண்டு, 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். அவற்றின் தடை 2 ஓம். திருகின் அடியில் அரை ஓம் தடை நுழைந்தால் ஏறக்குறைய இரண்டரை வோல்ட் அங்கேயே செலவாகிவிடும். போனது ஐந்தில் ஒரு பங்குதானே என்று அலட்சியம் செய்யலாகாது. வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இழை சற்றுக் குளிர்ந்தாலும் ஒளி மிக அதிகமாகக் குன்றுவது பல்பின் சுபாவம்.

இதைச் சோதிக்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு, தடை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தால், "பாதை நன்றாக இருக்கிறது" என்று அது பொய்ச்சாட்சி சொல்லும். அதன் வழியே ஓடுவது அற்ப மின்சாரம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த கம்பியும் அதைச் சுமக்கும். சுமை ஏறும்போதுதான் கம்பியின் யோக்கியதை தெரியும். ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும். வோல்ட் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை விளக்கின் கறுப்புக் கம்பியிலும் வைக்க வேண்டும். பாதை நல்லதானால் முள் பூஜ்யத்தை விட்டு அதிகம் நகராது. ஒன்றை மறக்கலாகாது: அக்காலத்து ஆங்கில வண்டிகள் பலவற்றில், நம் வண்டியில் உட்பட, உடலோடு இணைந்திருப்பது பாட்டரியின் பாஸிடிவ் முனை. இக்கால வண்டிகளில் பழகியவர்கள் முனைகளை மாற்றி வைத்துக் கொள்க.

முள் முதலில் அசையவில்லை. வராத வியாதியை வரவழைத்துப் பார்ப்பதே இதில் வைத்தியம். முன் மட்கார்டைக் கையால் ஓங்கித் தட்டினோம். முள் 3 வோல்ட்டைத் தாண்டித் துள்ளிற்று. விளக்குகள் மங்கின. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து கறுப்புக் கம்பிக்குத் தடித்த கம்பி ஒன்றை நேரே இணைத்து மறுபடியும் தட்டினோம். விளக்குகள் அசையாமல் எரிந்தன. குற்றவாளி அகப்பட்டான். நம் வண்டியில் இரு விளக்குகளின் எர்த் கம்பிகளையும் தாங்கும் ஒற்றைத் திருகு அது. கழற்றிப் பார்த்தோம். அடியில், சென்ற தீபாவளிக்கு நாம் அடித்த புதுப் பெயிண்ட் பளபளத்தது.

எல்லாப் பழுதுக்கும் மூலம் இதுவே என்று கொள்ள வேண்டாம். பழுது எப்போது வருகிறது என்பதே அது எங்கே இருக்கிறது என்பதற்குத் துப்பு. குலுக்கலில் வந்தால் தளர்ந்த இணைப்பு. மழையில் வந்தால் ஈரம் புகுந்த இடம். என்ஜின் சூடேறியதும் நின்று, ஆறியதும் ஓடினால் இக்னிஷன் காயிலையும் கண்டென்ஸரையும் சந்தேகிக்கலாம். மின்சாரப் பெட்ரோல் பம்ப் நின்று, ஒரு தட்டுத் தட்டியதும் ஓடினால் அதனுள் இருக்கும் பாயின்டுகள் தேய்ந்திருக்கக் கூடும். ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றை மாற்றினால் எது குணப்படுத்திற்று என்பது தெரியாது. துணி சுற்றிய பழைய கம்பிகளை அசைக்குமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும்; உள்ளேயிருக்கும் ரப்பர் பொடிந்திருக்கும். அக்காலத்து வண்டிகள் பலவற்றில் முன்விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. கம்பி உடலில் உரசினால் தீப்பிடிக்கும்.

இனி நாம் பட்ட கடன் ஒன்று பாக்கி. தீபாவளிக்குப் பெயிண்ட் அடித்தபின் மட்கார்டைப் பூட்டியவன் அவ்விளைஞனே. "சார், இந்தத் திருகுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரியவைக்க வேண்டும்" என்று அன்றே சொன்னான். "புதுப் பெயிண்டில் கை வைக்காதே, தம்பி" என்று தடுத்தவர் நாம். அவன் அதை மறக்கவில்லை, நாம்தான் மறந்தோம். நாலு பேர் எதிரில் ஏசியபோதும், மரியாதை கருதி அதை நினைவூட்டாமல் இருந்திருக்கிறான்.

அன்று மாலையே பட்டறைக்குச் சென்றோம். அதே நாலு பேரும் இருந்தார்கள். "தம்பி, பிழை என்னுடையது. நீ சொன்னதைக் கேட்காமல் உன்னையே ஏசினேன்" என்றோம். அவன் சற்றுக் கூச்சத்தோடு, "அதனாலென்ன சார், அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றான். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வண்டியண்டை வந்தான். "மற்ற எர்த் திருகுகளையும் பார்த்துவிடலாமா, சார்? பெயிண்ட் கொஞ்சம் போகும்" என்றான்.

போகட்டும் என்றோம்.